மாட் (கேமை மாற்ற மற்றவர்கள் செய்து தரும் கூடுதல் ஃபைல்கள்) போடும் முன் கேமை எப்படித் தயார் செய்தீர்கள்? சொதப்பிய கதைகளையும் சொல்லுங்கள்

என் சொதப்பலில் இருந்தே ஆரம்பிக்கிறேன். 2021 நவம்பர் 11, ஸ்கைரிம் கேம் வெளிவந்து சரியாகப் பத்து வருடம், ஆனிவர்சரி எடிஷன் வந்ததும் அன்றைக்குத்தான். என்னிடம் இருந்தது 2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷன், அதற்கு மேல் 140 மாட், இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கோர்த்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆபீஸ் விட்டு வந்து டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேமைத் திறந்தால், 'உங்கள் ஸ்கைரிம் எனக்குத் தெரிந்ததைவிடப் புதியது' என்கிற மாதிரி ஒரு வரியைக் காட்டிவிட்டு எஸ்கேஎஸ்இ நின்றுவிட்டது. 1.5.97இல் இருந்த கேம் தானாக 1.6க்கு ஏறியிருந்தது. தப்பு என்மேல்தான், அப்டேட் அமைப்பு என்று ஒன்று இருப்பதையே நான் அதுவரை திறந்து பார்த்ததில்லை.

எஸ்கேஎஸ்இ தெரியாதவர்களுக்கு: பெரிய மாட்கள் பலவும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. கேமை இயக்கும் இஎக்ஸ்இ ஃபைலுக்குள் எந்த முகவரியில் எந்த வேலை நடக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டு, அங்கே போய்க் கொக்கி மாட்டுகிற சாமான் அது. இஎக்ஸ்இ மாறினால் முகவரி எல்லாம் நகர்ந்துவிடும், கொக்கி அந்தரத்தில் தொங்கும். புது எஸ்கேஎஸ்இ வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் உட்காரவில்லை. பதற்றத்தில் கேமை அன்இன்ஸ்டால் செய்து, திரும்ப இன்ஸ்டால் செய்து, அப்பாடா சுத்தமாகிவிட்டது என்று நினைத்து மாட்களை மறுபடி ஏற்ற ஆரம்பித்தேன். டைட்டில் வரும், குதிரைவண்டி ஓடும், பிறகு டெஸ்க்டாப்.

காரணம் புரிய ஒரு வாரம் ஆனது. அன்இன்ஸ்டால் செய்தால், கேமை வாங்கி இறக்கிய ஸ்டீம் செயலி தான் போட்ட ஃபைல்களை மட்டும்தான் எடுக்கும். நான் கையால் டேட்டா ஃபோல்டருக்குள் கொட்டிய ஸ்கிரிப்ட், டெக்ஸ்சர், டிஎல்எல் எல்லாம் அங்கேயே குந்தியிருந்தன. வாடகைக்காரர் காலி செய்த வீட்டில் பழைய பாத்திரம் கிடப்பது மாதிரி. அது போதாதென்று டாக்குமெண்ட்ஸுக்குள் இருக்கும் மை கேம்ஸ் ஃபோல்டரில் நான் என்றோ கிண்டி வைத்த, கேமின் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ஐஎன்ஐ ஃபைல்கள் வேறு.

அப்புறம் அடியில் இருந்து ஆரம்பித்தேன். அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, மிச்சமிருந்த கேம் ஃபோல்டரையும் கையால் அழித்தேன். சேவ்களை, அதாவது ஆட்டம் எதுவரை வந்தது என்று பதிந்த ஃபைல்களை, ஒரு பென்டிரைவில் போட்டுவிட்டு, பழைய ஐஎன்ஐக்களையும் தூக்கினேன். புது ஸ்டீம் லைப்ரரியை டி டிரைவில் உருவாக்கினேன், ஏனென்றால் புரோகிராம் ஃபைல்ஸ் விண்டோஸ் காவல் காக்கிற இடம், மாட் கருவிகள் அங்கே எழுதப் போனால் அனுமதி கிடைக்காமல் போகும், சில சமயம் தோற்றுவிட்டதைச் சொல்லக்கூடச் சொல்லாது. கேம் இறங்கியதும் அதன் சொந்த லாஞ்சரை ஒருமுறை ஓட்டினேன், அப்போதுதான் புது ஐஎன்ஐக்கள் உருவாகும். ஒரு மாட்கூட இல்லாமல், கேம் ஆரம்பிக்கும் ஊரான ஹெல்கன் தாண்டும்வரை விளையாடினேன். பலர் தாவிவிடுகிற இடம் இது. வெறும் கேமே உங்கள் மெஷினில் தடுமாறினால் மாட்டைத் திட்டிப் பயனில்லை.

அதன்பிறகு, ஸ்டீமில் கேமின் பண்புகளுக்குள் போய் 'நான் கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்' என்பதற்கு மாற்றினேன். அதோடு கேமை ஸ்டீமின் பச்சைப் பட்டனில் திறப்பதையே விட்டுவிட்டேன், எப்போதும் எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகத்தான். கடைசியாக, தொடப்படாத அந்த ஃபோல்டரை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். 12 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும், பிடிக்கட்டும். 2023 டிசம்பரில் மறுபடி ஒரு பெரிய அப்டேட் வந்தபோது அந்த வாரம் பூராவும் நான் நிம்மதியாக டிராகன் அடித்துக்கொண்டிருந்தேன்.

மாட்களை நிர்வகிக்க மாட் ஆர்கனைசர் 2 என்கிற கருவி. ஒவ்வொரு மாட்டும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும், டேட்டா ஃபோல்டரில் ஒரு தூசிகூட விழாது, கேம் ஓடும்போது மட்டும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி காட்டும். அதனால் கேமையும் அதற்குள்ளிருந்துதான் திறக்க வேண்டும். முதல் நாள் இது தெரியாமல் வெளியே இருந்து திறந்துவிட்டு, ஒரு மாட்கூட வரவில்லையே என்று ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

*

அண்ணா, நீங்கள் சேவ் பற்றி ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். நான் இழந்தது அதைத்தான், 90 மணி நேரம் விளையாடிய என் ஆர்கோனியன் (பல்லி இன) பெண்ணை.

குளிர், பசி எல்லாம் சேர்க்கிற ஒரு மாட் சலித்துப்போய், ஆட்டத்தின் நடுவிலேயே அதை எடுத்துவிட்டேன். மாட் போய்விட்டது, அதன் ஸ்கிரிப்ட்கள், அதாவது கேமுக்கு உத்தரவிடும் சிறு நிரல்கள், சேவுக்குள்ளேயே தங்கிவிட்டன. தோற்றத்தை மட்டும் மாற்றும் டெக்ஸ்சர் மாட்டை எடுத்தால் பழைய படம் திரும்ப வரும், அவ்வளவுதான். ஸ்கிரிப்ட் உள்ள மாட் அப்படியில்லை, அது சேவுக்குள் வேர்விடுகிறது. இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது, நானும் அதே சேவ்மேல் சேவ் செய்துகொண்டே போனேன், மூன்றாம் நாள் வைட்ரன் நகரக் கதவைத் திறந்தால் கிராஷ், எந்தப் பழைய சேவுக்குப் போவது என்றும் தெரியவில்லை.

இப்போது மாட் ஆர்கனைசரில் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி சேவ் என்கிற அமைப்பைப் போட்டிருக்கிறேன். சோதனைக்கு ஒரு புரொஃபைல், உண்மையான ஆட்டத்துக்கு ஒன்று. கிளவுட் சேமிப்பையும் அணைத்துவிட்டேன், அழித்த சேவ்கள் திரும்பி வந்து நின்றால் பேய் பார்த்த மாதிரி இருக்கிறது. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையே கிளவுடோடு இணைத்து வைத்திருப்பவர்கள் அதையும் ஒருமுறை பாருங்கள்.

*

நீங்கள் எல்லாம் பெரிய இடம். நான் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் ஆள்.

ஹாஸ்டலில் ஒரு ஆட்டோ மாடல் கிடைத்தது, மஞ்சள் ஆட்டோ. கேமில் ஓடும் ஒரு காருக்குப் பதிலாக அதை ஜிடிஏ3 ஐஎம்ஜி ஃபைலுக்குள் திணிக்க வேண்டும். திணித்தேன். காப்பி எடுக்கவில்லை. கேமின் லாஸ் சாண்டோஸ் நகரத்தில் ஆட்டோ ஓடியதைப் பார்க்க அறையே கூடியது, இரண்டாவது தெருவில் இன்னொரு ஆட்டோ வந்ததும் கேம் செத்தது. அந்த ஒரு ஃபைலுக்காக முழு கேமையும் மறுபடி பென்டிரைவ் பென்டிரைவாக அடுத்த ஹாஸ்டலில் இருந்து தூக்கி வந்தோம்.

அதைவிடப் பெரிய கூத்து, ஸ்கிரிப்ட் மாட்களை ஓட்டும் கிளியோ என்கிற கருவி வேலை செய்யாதது. 2005இல் ஹாட் காஃபி சர்ச்சை (கேமுக்குள் ஒளிந்திருந்த ஆபாசக் காட்சியை ஒரு மாட் வெளிக்கொண்டுவந்தது) வந்த பிறகு வெளியான பதிப்பில் மாட்களுக்கு வழியை அடைத்திருந்தார்கள். பழைய மாட்கள் எதிர்பார்ப்பது 1.0 இஎக்ஸ்இயை. என்னிடம் இருந்தது பிந்தையது, நான் ஒரு மாதம் மாட் செய்தவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது மாட்லோடர் என்கிற கருவி இருக்கிறது, மாட்டை அதன் ஃபோல்டரில் போட்டால் போதும், ஐஎம்ஜியைத் தொடவே வேண்டாம். அன்றைக்கு இது தெரிந்திருந்தால் ஆட்டோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

*

ஒன்று விட்டுப்போகிறது. மாட் என்பது யாரோ எழுதிய புரோகிராம். 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மாட்களுக்குள் ஃபிராக்சரைசர் என்கிற வைரஸ் புகுந்தது ஞாபகம் இருக்கிறதா? பெயர் தெரிந்த தளங்களில், பெயர் தெரிந்த மாட்களிலேயே. பிரவுசரில் சேமித்த லாகின்களை எல்லாம் திருடக்கூடியது. நான் அன்றிலிருந்து கேமுக்கு என்று விண்டோஸில் தனிக் கணக்கு வைத்திருக்கிறேன், பாங்க் வேலை அதில் கிடையாது. கொஞ்சம் அதிகம்தான் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். ஆன்டிவைரஸ் கத்தும்போது 'அது பொய் எச்சரிக்கை, அணைத்துவிடு' என்று எவனாவது சொன்னால் உடனே அணைக்காதீர்கள், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

*

அண்ணா, நான் இப்போதுதான் ஸ்கைரிம் வாங்கினேன். 1.5.97க்கு இறக்கியே ஆக வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், அவசியமா?

*

வேண்டாம் தம்பி. அது 2021இல் எங்களுக்கு இருந்த கஷ்டம். முக்கியமான மாட்கள் பலவும் இப்போது 1.6க்கு வந்துவிட்டன. உனக்கு உயிரான ஒரு மாட் பழைய பதிப்பில்தான் ஓடும் என்றால் மட்டும் யோசி. முதலில் ஸ்கைரிம்எஸ்இ இஎக்ஸ்இ மேல் ரைட் கிளிக் செய்து, பண்புகளில் விவரங்களைத் திறந்து பதிப்பு எண்ணைப் பார், பிறகு ஒவ்வொரு மாட்டின் பக்கத்திலும் அந்த எண்ணுக்கு ஆகுமா என்று பார். நான் அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டை இப்படியா ஒட்டுவார்கள் என்று வீட்டம்மா இரண்டு முறை கிழித்துப் போட்டுவிட்டாள்.