முதற்காரணத்துக்கு ஒரு நல்ல உதாரணம் வேண்டும்

ஏற்காடு இளைஞர் தியானத்தில் விசுவாசமும் பகுத்தறிவும் பற்றி ஒரு வகுப்பு. கடவுள் உண்டென்பதைப் பகுத்தறிவால் உறுதியாக அறியலாம் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய முதலாம் வத்திக்கான் சங்கம் 1870-இல் சொன்னதுவரை சிக்கலில்லை. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் முதற்காரண வாதத்தில்தான் (காரணங்களின் சங்கிலிக்கு முதலான ஒன்று வேண்டும், அதுவே கடவுள் என்பது) மாட்டும்: "அப்ப கடவுளைப் படைச்சது யாரு?"

தாத்தா, அப்பா, மகன் என்று காலத்தில் பின்னோக்கிப் போகும் வரிசையாக அதை எடுத்துக்கொள்வதால் வரும் கேள்வி இது. உலகுக்குத் தொடக்கம் உண்டென்று பகுத்தறிவால் நிரூபிக்க முடியாது என்றே அக்வினாஸ் எழுதினார். (இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை!) அவர் பேசுவது இந்த நொடியில் ஒன்றை ஒன்று இயக்கும் சங்கிலி: கை அசைந்தால்தான் கோல் அசையும்.

கோல் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை. மேட்டூர் மின்சாரம், சேலத்து பல்பு என்றால் இன்வெர்ட்டரைக் காட்டி மடக்குவார்கள். முதலாவது நின்றால் கடைசியும் அதே நொடியில் நிற்கிற உதாரணம் இருந்தால் சொல்லுங்கள். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் புரிந்தால் போதும்.