மறுமொழி: ‘லாக்’ என்பதற்குத் தமிழ்: நிகழ்வேடு

> பதிகை ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. புதிதாக ஒன்றை ஆக்குவானேன்?

வணக்கம் அண்ணா,

‘லாக்’ எனப்படும், கணினியில் நடப்பவற்றை வரிசையாகக் குறித்துவைக்கும் கோப்புக்குப் ‘பதிகை’யே போதும் என்கிறீர்கள். புகுபதிகையும் (லாகின்) விடுபதிகையும் (லாக் அவுட்) தமிழ் விக்கிப்பீடியா வழியாக நிலைத்துவிட்ட சொற்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. லாக் குறிப்புகளைச் சேர்த்து எழுதும் ஆர்சிஸ்லாக் மென்பொருளை நிறுவும் கையேட்டில் உள்ள இந்த வரியைப் பாருங்கள்:

வழங்கியில் புகுபதிகை செய்து, வந்து சேரும் பதிகைகளைப் பதிகைக் கோப்பில் பதிவு செய்க.

ஒரே வரியில் நான்கு ‘பதி’. யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றின் கணினி அறையில் முதன்முதலாக லினக்ஸ் வழங்கியை (சர்வரை) தொடும் மாணவருக்கு எது செயல், எது கோப்பு என்றே பிரியாது.

அதிபரின் மேசையில் இருக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகம் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அதுவும் லாக் புக்தான். நடந்தது நடந்த ஒழுங்கிலேயே, திகதியோடு ஏறும். வழங்கியிலும் அதுவே நடக்கிறது. சம்பவத்திரட்டு என்றே வைத்துவிடலாம். ஆனால் பல கணினிகளின் குறிப்புகளை ஓரிடத்தில் சேர்ப்பதுதான் இந்த மென்பொருளின் தலையாய வேலை, அதற்குத் ‘திரட்டல்’ வேண்டும். திரட்டைத் திரட்டுதல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: கோப்பு நிகழ்வேடு, அதில் ஒரு வரி நிகழ்குறிப்பு, மென்பொருள் நிகழ்வேட்டு முகாமை மென்பொருள். தமிழக அன்பர்கள் மேலாண்மை என்று எழுதினால் எழுதட்டும். மேலே உள்ள வரி இப்படி மாறும்:

வழங்கியில் புகுபதிகை செய்து, வந்து சேரும் நிகழ்குறிப்புகளை நிகழ்வேட்டில் எழுதச் செய்க.

ஏடு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். லாக்ரொட்டேட் என்ற நிரல் செய்யும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டு லினக்ஸில் ஆர்சிஸ்லாக்குக்கான இயல்பமைப்பின்படி, வாரம் ஒருமுறை நடப்பு ஏடு ஒதுக்கிவைக்கப்பட்டுப் புதியது தொடங்கும். பழையவற்றில் 4 மட்டுமே மிஞ்சும். ‘பதிகைச் சுழற்சி’ என்றால் ஏதோ சுற்றுகிறது என்றே தோன்றும். ‘ஏடு மாற்றல்’ என்றால் விளக்கமே வேண்டாம். வட்டு நிரம்பி வழங்கி முடங்காமல் காப்பது இந்த அமைப்பு. கையேட்டில் வேறெது மங்கினாலும் இது மங்கக்கூடாது.

> நிகழ்வு என்பது ‘ஈவன்ட்’டுக்கு உரியதல்லவா?

உரியதுதான், அதனாலேயே பொருந்துகிறது. விண்டோசில் இதன் பெயரே ஈவன்ட் லாக். லினக்ஸில் செய்திகளைக் குறிக்கும் வழமையான முறையான சிஸ்லாக்கின் வரியும் ஒரு நிகழ்வைத்தான் சொல்கிறது: நேரம், கணினியின் பெயர், எந்த நிரல், என்ன செய்தி. லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் இன்னொரு நிரலான ஜர்னல்டியின் கோப்பு வெறும் உரையன்று, ஜர்னல்சிடிஎல் கட்டளையால்தான் வாசிக்க வேண்டும். ஆனாலும் அது நிகழ்வேடே.

ஒன்று மீதமிருக்கிறது. சிஸ்லாக் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை தரம் உண்டு. 0 மிக மோசமான நிலை, 7 வழுநீக்கத்துக்கு உதவும் தகவல். இந்தத் தரத்தை நீங்கள் ‘கடுமை’ என்று எழுதியிருந்தீர்கள். ‘பாரதூரமான விளைவு’ என்று எங்கள் பத்திரிகைகள் எழுதுவதை நினைக்கும்போது, ‘பாரதூர நிலை’ எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. தமிழகத்தில் அச்சொல் விளங்குமா? விளங்குமென்றால் நிறுவல் பகுதி முழுவதையும் இச்சொற்களால் திருத்தி அனுப்புகிறேன்.