புதுப்பிப்பு: எங்கள் பெண்கள் நாடகம் என்ன ஆயிற்று?

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஒன்பது பேர், முழுக்கப் பெண்களே போடும் நாடகத்துக்கு மண்டபம் கேட்டோம். "ஆம்பளையே இல்லாம என்ன நாடகம், யார் டிக்கெட் வாங்குவா?" என்று அனுப்பிவிட்டார்கள்.

மண்டபம் கடைசிவரை கிடைக்கவில்லை. கோயில் முன்றலைக் கேட்டோம். அங்கேயும் முதலில் அதே பேச்சுதான். அப்புறம் நான் ஒன்று கேட்டேன்: மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு, அவன் மனைவி ரதி வேஷம் கட்டுவது யார்? மீசை மழித்த ஆண்தானே? அதை யாராவது 'ஆண்கள் மட்டும்' கூத்து என்கிறோமா? கமிட்டிப் பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். "நானே பதினொரு வருஷம் ரதி கட்டினவன்மா" என்றார். சரி, இடம் கிடைத்தது.

'இதெல்லாம் எங்கே நடந்திருக்கு' என்று கேட்டவர்களுக்கு: 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே நாடகக் கம்பெனி நடத்தினார். லண்டன் டொன்மார் வேர்ஹவுஸ் அரங்கில் 2012இல் ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தை முழுக்கப் பெண்களே நடித்தார்கள்.

சனிக்கிழமை போட்டோம். மழைத் தூறலிலும் லயத்து வரிசை வீட்டுச் சனம் குடையோடு நின்றது. வேலையை மேற்பார்க்கும் கங்காணியாக வந்த அக்கா, பறித்த கொழுந்தை நிறுத்துக் கணக்கில் கிலோ வெட்டும்போது எழுந்த சிரிப்பு! அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

ஒரு திருத்தம். தப்பு மேளம் அடிக்கப் பெண் கிடைக்கவில்லை, சித்தப்பாதான் அடித்தார். ஆகவே 'முழுக்கப் பெண்கள்' என்று நான் எழுதியது பொய்.