கேரவன் பின்னால் ஹிட்ச் ரிசீவர்: மாட்டினவங்க அனுபவம் சொல்லுங்க

சுங்கை ஆரா வாசி:
அமெரிக்க மாடல் டிராவல் டிரெய்லர் (பிக்கப் பின்னால இழுத்துட்டுப் போற கேரவன்) ஒன்னு செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கேன். பின்னால் ரிசீவர் (சைக்கிள் ரேக்கைச் செருகி மாட்டுற சதுர இரும்புக் குழாய்) வச்சு, பிள்ளைங்க சைக்கிளையும் ஏத்திக்கிட்டு தைப்பிங், கேமரன் பக்கம் போகணும்னு ஆசை. வெல்டிங் கடைக்காரர் ஒருத்தர், "பம்பர்லயே அடிச்சுத் தரேன், அரை மணி நேர வேலை" என்கிறார். செஞ்சு பார்த்தவங்க யாராவது இருந்தா நடந்ததைச் சொல்லுங்க.

பிறை பட்டறை:
தம்பி, முதல்ல அந்தப் பம்பரைக் கையால தட்டிப் பாருங்க. பிஸ்கட் டின் மாதிரி சத்தம் வரும். பார்க்க நாலு அங்குலச் சதுரக் குழாய், கம்பீரமாத்தான் இருக்கும். ஆனா பெரும்பாலான வண்டியில தகடு ரெண்டு மில்லி கனம்கூட இருக்காது. கழிவுநீர் ஹோஸை உள்ளே செருகி வைக்கவும், மிஞ்சிப்போனா ஸ்பேர் டயரைத் தொங்கவிடவும் செஞ்சது அது.

போன வருஷம் நம்ம பட்டறைக்கு அப்படி ஒரு வண்டி வந்தது. யாரோ பம்பர்ல ரிசீவரை வெல்டு பண்ணியிருந்தாங்க. வெல்டிங்ல குறையே சொல்ல முடியாது, சுத்தமான கை வேலை. ஆனா குழாயே முறுக்கிக்கிட்டு, ரேக் தரையைப் பார்த்துக் குனிஞ்சு நின்னுச்சு. பம்பர் சேசிஸோட (வண்டியோட அடிச்சட்டம்) சேர்ற மூலையில பெயின்டைச் சுரண்டினா, ஒரு விரல் நீளத்துக்கு விரிசல், ஓரமெல்லாம் துரு. நெடுஞ்சாலையில கழன்றிருந்தா பின்னால வர்ற மோட்டார்க்காரன் கதி என்ன?

இதுல எடை பாதிதான், துள்ளல்தான் மீதி. டயர் ஒரு குழியில விழுந்து ஏறினா, அச்சுக்குப் பின்னால நீண்டிருக்கிற கடைசி முனை அதைவிடப் பெருசா எகிறும். கார்ல 60 கிலோ தாங்குற ரேக் இங்கேயும் 60 தாங்கும்னு கணக்குப் போடாதீங்க. டிரெய்லருக்குப் பின்னால மாட்டாதேன்னு பல ரேக் கையேட்டிலேயே இருக்கும். ஆர்விக்குன்னே, அதாவது கேரவன் மாதிரி வீட்டு வண்டிக்குன்னே விக்கிற ரேக் வேற.

நாங்க பம்பரைத் தொடவே மாட்டோம். ரெண்டு பக்கச் சேசிஸ் இரும்பையும் இணைச்சுக் குறுக்கே ஒரு கனமான குழாய், அதுக்கு நடுவுல ரிசீவர். சேசிஸோட மேல் விளிம்பு, கீழ் விளிம்பு ரெண்டிலும் துளை போடக்கூடாது, பலமே அங்கேதான் இருக்கு. செங்குத்தா நிக்கிற பக்கத் தகட்டுல 8.8 கிரேடு போல்ட். சேசிஸ் பெட்டிக் குழாயா இருந்தா போல்ட் போற இடத்துல உள்ளே ஸ்லீவ் (முட்டுக் குழாய்) வைக்கணும், இல்லேன்னா இறுக்க இறுக்கக் குழாய் நசுங்கும். வெல்டிங்தான் வேணும்னா பேட்டரியைக் கழற்றி, கேஸ் சிலிண்டரை இறக்கி, அடித்தகட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் தீப்பொறி. வயர், தொட்டி, ஃபோம் எல்லாம் அங்கேதான் ஒளிஞ்சிருக்கு.

செராஸ் அக்கா:
பட்டறை அண்ணன் சொன்ன மாதிரியே சேசிஸ்ல போட்டது எங்க வண்டி. ஒரு போல்ட்கூட அசையலை. ஆனா காராக் நெடுஞ்சாலை இறக்கத்துல ஒரு லோரி எங்களை முந்தினப்போ கேரவன் இடமும் வலமுமா ஆட ஆரம்பிச்சது. வீட்டுக்காரர் ஸ்டீரிங்கை வெட்டாம, எண்ணெய் மிதியில (ஆக்ஸிலரேட்டர்) இருந்து காலை எடுத்துட்டு, கேரவன் பிரேக்கை மட்டும் கையால அழுத்தினார். மெல்ல அடங்குச்சு. எனக்குத்தான் கை நடுக்கம் நிக்கலை.

அப்புறம்தான் எடை போட்டோம். சைக்கிளும் ரேக்கும் சேர்ந்து 70 கிலோ, அச்சுக்கு 3 மீட்டர் பின்னால. இழுக்கிற வண்டியோட மாட்டுற கொக்கி அச்சுக்கு 5 மீட்டர் முன்னால. 70-ஐ மூனால பெருக்கி அஞ்சால வகுங்க, கொக்கி மேல அழுத்துற எடை 42 கிலோ குறைஞ்சு போகுது. மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் கொக்கியில இருக்கணும். 1,500 கிலோ வண்டிக்கு 160 இருந்தது 118 ஆச்சுன்னா ஆடாம என்ன செய்யும்? இப்போ தண்ணி, டூல்ஸ் பெட்டி எல்லாம் முன்பக்கம். ஆட்டம் இல்லை.

பாலிக் புலாவ் பெரியவர்:
சைக்கிள் ஏத்தின பிறகு பின்னால போய் நின்னு பாருங்க. நம்பர் பிளேட்டும் விளக்கும் மறைஞ்சா ஜேபிஜேக்காரன் (மலேசிய சாலைப் போக்குவரத்துத் துறை) சும்மா விடமாட்டான். எங்க ஊர் மேட்டுல ஏறும்போது ரிசீவர் தார்ல உரசும், அந்த உயரத்தையும் அளந்துக்குங்க. இன்னொன்னு, உங்ககிட்ட பிக்கப்தானே? சைக்கிளை அதோட தொட்டியில போட்டா இந்த வம்பே இல்லையே!

சுங்கை ஆரா வாசி:
தொட்டியில கூடாரமும் ஜெனரேட்டரும் இருக்கு ஐயா, இடமில்லை. வெல்டிங் கடைக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். பிறை அண்ணே, சனிக்கிழமை பினாங்குப் பாலம் தாண்டி வண்டியைக் கொண்டு வரட்டுமா?

பிறை பட்டறை:
வாங்க. கழிவுத் தொட்டியை மட்டும் காலி பண்ணிட்டு, மத்த சாமான் எல்லாத்தையும் பயணத்துக்கு ஏத்துற மாதிரியே ஏத்திக்கிட்டு வாங்க. சைக்கிளும் வேணும். காலி வண்டியை எடை போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.