12 வயதுப் பெண்ணுக்கு எடை குறைந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிள்: ஒன்றரை லட்சத்துக்குள் எதை வாங்குவது, எதை விடுவது?

திருச்சி_தந்தை

வணக்கம். மகளுக்கு 12 வயது, உயரம் 146 செ.மீ., எடை 34 கிலோ. ரேஞ்சில் கிளப் துப்பாக்கியை வைத்து நான்கு மாதமாக 10 மீட்டர் பீப் சைட் (சிறு துளை வழியே குறிபார்ப்பது) பழகுகிறாள். அது பெரியவர்களுக்கான அலுமினிய ஸ்டாக் (கையிலும் தோளிலும் தாங்கும் கட்டை) கொண்ட பிசிபி, அதாவது சிலிண்டரில் முன்பே நிரப்பிய காற்றால் சுடுவது. சைட், சிலிண்டர் எல்லாம் சேர்த்துத் தொங்கு தராசில் 4.7 கிலோ. இருபது ஷாட் தாண்டியதும் முதுகு அளவுக்கு மீறி வளைகிறது, கன்னத்தை அழுத்திச் சாய்க்கிறாள். கோச் சொந்தமாக ஒன்று பார்க்கச் சொல்கிறார்.

ஜாக்கெட் உட்பட மொத்த பட்ஜெட் ஒன்றரை லட்சம். புதிதா, பழையதா? எத்தனை கிலோவுக்குள் இருக்க வேண்டும்? பழைய பெரிய துப்பாக்கியை வாங்கி ஸ்டாக்கை மாற்றியோ குடைந்தோ எடை குறைக்கலாமா? இன்னொன்று: வலது கைக்காரி, ஆனால் குறிபார்ப்பதில் இடது கண்தான் முந்துகிறது என்கிறார் கோச்.

குறிவட்டம்

சார், பணம் செலவழிப்பதற்கு முன் கிளப் துப்பாக்கியிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். பேரல் மேல் மாட்டியிருக்கும் வெயிட் வளையங்களையும் ஸ்டாக்கின் முன்முனையில் இருக்கும் வெயிட்டையும் கோச்சிடம் கேட்டுக் கழற்றுங்கள். பட் பிளேட்டை (தோளில் பதியும் தகடு) முடிந்தவரை உள்ளே தள்ளுங்கள். பல துப்பாக்கிகளில் இதிலேயே கால் கிலோவுக்கு மேல் இறங்கும். முதுகு வளைவு அப்போதே குறைந்தால், பிரச்சினை மொத்த எடையைவிட அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் அதிகம்.

நின்று சுடும்போது இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றி நிற்கிறது. எலும்பு தாங்கினால் குழந்தை தாங்கும், தசை தாங்கினால் பத்து நிமிடத்தில் தளரும். கைக்கு நேர் மேலே இருக்கும் எடையைவிட, கையிலிருந்து வெகுதூரம் முன்னால் இருக்கும் அதே எடை கீழ்முதுகை அதிகம் வாட்டும். அதனால் கடையில் எடையைக் கேட்டுவிட்டு வராதீர்கள். சைட்டும் சிலிண்டரும் மாட்டிய நிலையில் ஓர் உருண்டைக் கம்பின் மேல் துப்பாக்கியைக் கிடத்தி, எங்கே சமனாக நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடம் அவள் தாங்கும் கைக்கு மேலேயோ இரண்டு மூன்று விரற்கடை முன்னாலோ இருந்தால் நல்லது. ஒரு சாண் முன்னால் போனால் வேண்டாம். கேட்டலாக் எடையையும் நம்ப வேண்டாம். சைட்டைச் சேர்க்காமல் போடும் வழக்கம் உண்டு.

அளவு கேட்டீர்கள். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதியில் மேல் வரம்பு 5.5 கிலோ மட்டும்தான், கீழ் வரம்பு கிடையாது. இந்த வயதில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித் தொடங்குவது என் கணக்கு. இவளுக்கு 3.4 முதல் 3.7 கிலோ. அதற்கும் கீழே போகத் துடிக்காதீர்கள். எடை குறையக் குறைய ஆட்டம் வேகமாகும், இதயத் துடிப்புகூட முன் சைட் வளையத்தில் தெரியும், டிரிகரைப் பிடுங்கி இழுத்தால் உடனே காட்டிக்கொடுக்கும். லேசான துப்பாக்கியை வாங்கி, அவள் வளர வளர 50 கிராம் வீதம் கையருகே ஏற்றிக்கொண்டே போவதுதான் சரியான வழி.

ஸ்டாக்கைக் குடைவது வேண்டவே வேண்டாம். மர ஸ்டாக்கில் சுடும் பொறியான ஆக்‌ஷனைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களைச் சுற்றி மரம் மெலிந்தால் இறுக்கம் நாளுக்கு நாள் மாறும், குரூப் (ஷாட்டுகள் விழும் கூட்டம்) காரணமே தெரியாமல் இடம் பெயரும். ஒரு கம்பெனி ஸ்டாக் இன்னொன்றுக்குப் பொருந்துவதும் அரிது. ஜூனியர் ஸ்டாக்கோடு வந்ததையே தேடுங்கள். பீச் மர ஜூனியர் ஸ்டாக் அலுமினியத்தைவிடப் பெரும்பாலும் லேசு, விலையும் குறைவு, வெயில் காலத்தில் கன்னத்தில் சுடாது.

ஓரிங்_மெக்கானிக்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். இந்தத் தொகைக்குப் போட்டித் தரத்தில் புது இறக்குமதி வராது. ஆகவே பழையதுதான், அதைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும்.

முதலில் எந்த வகை என்று தீர்மானியுங்கள். பழைய ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ் மாதிரி ஸ்பிரிங் துப்பாக்கிகள் இன்றைக்கும் அருமையாகச் சுடும். ஆனால் ஐந்து கிலோவை ஒட்டி வரும், உங்கள் நோக்கத்துக்கு எதிர். பக்க லீவரை அழுத்திக் காற்றேற்றும் பழைய சிங்கிள் ஸ்ட்ரோக் வகையில், ஒவ்வொரு ஷாட்டுக்கும் 34 கிலோ உடம்பு லீவரோடு மல்லுக்கட்ட வேண்டும். அறுபதாவது ஷாட்டில் தோள் நடுங்கும். மிச்சம் பிசிபி ஒன்றுதான்.

பிசிபியில் உயிர் சிலிண்டர். அதன் மேல் உற்பத்தி மாதமும் வருடமும் பொறித்திருக்கும். தயாரித்த நாளிலிருந்து அதிகபட்சம் 10 வருடம், அதற்கு மேல் போட்டியின் உபகரணச் சோதனையில் தேறாது. அதைவிட முக்கியம், 200 பார் அழுத்தத்தைக் குழந்தை முகத்துக்குப் பக்கத்தில் வைக்கிறோம். தேதி முடிந்த சிலிண்டர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதன் மதிப்பு சுழியம் என்று வைத்துப் பேரம் பேசுங்கள். குட்டைச் சிலிண்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. முன்பக்க எடை குறையும், ஷாட் எண்ணிக்கை குறைந்தாலும் 60 ஷாட் போட்டிக்கும் அதற்கு முன் சுடும் சைட்டர் எனும் பழக்க ஷாட்டுகளுக்கும் தாராளம்.

கசிவுச் சோதனை: நிரப்பி அரை மணி நேரம் ஆறவிட்டு அழுத்த மீட்டர் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே வெப்பநிலையில் பாருங்கள். இந்த ‘அதே வெப்பநிலை’ முக்கியம். 40 டிகிரியில் 200 பார் காட்டியது ஏசி அறையில் 25 டிகிரிக்கு வந்தால் கசிவே இல்லாமல் 10 பார் இறங்கும். அதைக் கசிவென்று நினைத்துச் சீலைப் பிரிப்பவர்கள் நிறைய. உண்மையான கசிவு பெரும்பாலும் சிலிண்டர் இணையும் இடத்து ஓ-ரிங்கில்தான் இருக்கும், மாற்ற ஆகும் செலவு அற்பம். சிலிகான் கிரீஸ் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். தையல் மெஷின் எண்ணெய், பெட்ரோலிய கிரீஸ் எதுவும் கூடாது, உயர் அழுத்தத்தில் தீப்பற்றும். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்புவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

அடுத்து ரெகுலேட்டர், அதாவது ஒவ்வொரு ஷாட்டுக்கும் அழுத்தத்தைச் சீராக்கும் பாகம். குரோனோகிராஃப் (பெல்லட் வேகம் அளக்கும் கருவி) உள்ள ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ப் பத்து ஷாட் சுடுங்கள். 0.53 கிராம் பெல்லட்டுக்கு நொடிக்கு 170 மீட்டரை ஒட்டி வரும். ஏற்ற இறக்கம் 3 மீட்டருக்குள் இருந்தால் மகிழ்ச்சி. பிறகு கால் மணி நேரம் சும்மா வைத்துவிட்டு ஒன்று சுடுங்கள். அந்த முதல் ஷாட் மட்டும் 5 மீட்டர் வேகமாகப் போனால் ரெகுலேட்டர் சீட் தேய்ந்து அழுத்தம் மெல்ல ஏறுகிறது என்று அர்த்தம். 172-க்குப் பதில் 177-இல் போன பெல்லட் 10 மீட்டரில் ஏறக்குறைய 0.9 மி.மீ. மேலே விழும். புள்ளியைப் பத்தாகப் பிரிக்கும் டெசிமல் கணக்கில் 0.1 புள்ளி என்பது 0.25 மி.மீ. என்பதால், மூன்று நான்கு டெசிமல் அங்கேயே போய்விடும். குழந்தை தன் பிடியில்தான் தவறு என்று நினைத்துக் குழம்பும்.

கடைசியாகப் பின் சைட். மேலே 10 கிளிக், வலது 10, கீழே 10, இடது 10 என்று திருப்பி ஒவ்வொரு மூலையிலும் மூன்று சுடுங்கள். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் உள்ளே திருகு தேய்ந்திருக்கிறது. நல்ல பின் சைட் தனியாக வாங்கினால் விலை கடிக்கும்.

டிரிகரில் டிரை ஃபயர் (பெல்லட்டும் காற்றும் இல்லாமல் டிரிகர் பழகும்) வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத துப்பாக்கியை மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் வாங்காதீர்கள். இந்த வயதில் பாதிப் பயிற்சி வீட்டில் சுவரைப் பார்த்துப் பெல்லட் இல்லாமல் நடக்க வேண்டும்.

நெல்லை_ஓப்பன்சைட்

கொஞ்சம் மாற்றுக் கருத்து. 12 வயதில் ஒரு லட்சம் போட்டுப் பழைய ஜெர்மன் துப்பாக்கி வாங்கித்தான் ஆக வேண்டுமா? பிரிசிஹோல் போன்ற நம் நாட்டுத் தயாரிப்புகளில் உதிரிபாகம் இங்கேயே கிடைக்கிறது, சர்வீஸுக்குக் கூரியரில் அனுப்பினால் போதும். என்.ஆர்.ஏ.ஐ. (இந்திய தேசிய ரைஃபிள் சங்கம்) நடத்தும் நேஷனல் ரூல்ஸ் பிரிவுகளில் தொடங்கும் பிள்ளைகள் பலர் அப்படித்தான் போகிறார்கள். எந்தப் பிரிவில் எது அனுமதி என்பதை மட்டும் மாநில சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டை நான் இப்படிப் பிரிப்பேன். துப்பாக்கிக்கு ஒரு லட்சத்தைத் தாண்டாதீர்கள். ஜாக்கெட்டுக்கும் கையுறைக்கும் 20 ஆயிரம். பேண்ட்டும் ஷூவும் இப்போது வேண்டாம், ஒரே வருடத்தில் சின்னதாகிவிடும். தட்டையான அடிப்பாகம் உள்ள கேன்வாஸ் ஷூ போதும். ஜாக்கெட் மட்டும் தள்ளிப்போடக் கூடாது, முதுகைக் காப்பது அதுதான். அளவெடுத்துத் தைக்கும்போது உள்ளே தையல் இடம் விட்டு, பட்டன் நகர்த்தும்படி கேளுங்கள். ரெடிமேட் பெரிய சைஸ் வாங்கி ‘வளர்ந்தால் சரியாகும்’ என்று விடுவதில் பயனில்லை. தொளதொள ஜாக்கெட் எதையும் தாங்காது.

மீதி பெல்லட்டுக்கு. தட்டைத் தலை, 0.53 கிராம், 500 எண்ணிக்கை டப்பா. ஒரு பயிற்சிக்கு 70 ஷாட் என்றால் ஏழு பயிற்சி வரும். தினப் பயிற்சிக்கு ஆர்.டபிள்யூ.எஸ். மைஸ்டர்குகெல்ன் மாதிரி நடுத்தர வகை போதும். அதே கம்பெனியின் ஆர்10 பெல்லட் போட்டிக்கு மட்டும். 4.49, 4.50 தலை அளவு இரண்டையும், துப்பாக்கியை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்துப் பத்துப் பத்தாகச் சுட்டு, ஓட்டையின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு 7 மி.மீ.க்குள் வருவதை எடுங்கள். 7-இல் வந்துவிட்டால் அதற்கு மேல் தேடிச் செலவழிக்காதீர்கள். இந்தக் கட்டத்தில் அவள் பிடியின் வட்டம் அதைவிடப் பல மடங்கு பெரிது.

முன் சைட் வளையம் பெரிதாக இருக்கட்டும், 4.2 மி.மீ.யிலிருந்து தொடங்கலாம். லேசான துப்பாக்கி வேகமாக ஆடும். சின்ன வளையம் போட்டால் இலக்கின் கறுப்பு வட்டம் உள்ளேயும் வெளியேயும் ஓடுவதைப் பார்த்துப் பயந்து, பத்துப் பதினைந்து நொடி பிடித்துக்கொண்டே நிற்பார்கள். வளையத்துக்குள் வெள்ளை தாராளமாகத் தெரிந்தால் ஒழுங்காக விடுவார்கள்.

கண் விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நான்கு மாதம்தானே ஆகிறது, இடது தோளில் வைத்து இரண்டு மூன்று வாரம் டிரை ஃபயர் செய்யச் சொல்லுங்கள். பழகிக்கொண்டால் அதுவே நல்லது. ஒத்துவராவிட்டால் வலதிலேயே தொடர்ந்து, இடது கண்ணுக்கு முன் மறைப்பான் வைக்கலாம். முன் மறைப்பான் 30 மி.மீ. அகலத்துக்கு மேல் கூடாது. கறுப்பு அட்டை வைக்காதீர்கள். ஒரு கண் இருட்டில் இருந்தால் மற்றக் கண்ணின் பாவையும் விரியும், குறி மங்கும். பால்வெள்ளை பிளாஸ்டிக் தகடு போதும். இது முடிவாகும் வரை வலது கைக்கே செதுக்கிய கிரிப் உள்ள துப்பாக்கிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். இருபக்கமும் பிடிக்கும் ஜூனியர் ஸ்டாக்குகள் உண்டு.

திருச்சி_தந்தை

மூவருக்கும் நன்றி. வெயிட்டுகளைக் கழற்றியதில் கிளப் துப்பாக்கி 4.3-க்கு வந்தது, வளைவு குறைந்திருக்கிறது. ஜெர்மன் ஜூனியர் பிசிபி ஒன்று 85 ஆயிரத்துக்கு வந்திருக்கிறது. பீச் மரம், இருபக்க ஸ்டாக், எல்லாம் சேர்த்து 3.6 கிலோ. ஆனால் சிலிண்டரில் 2013 என்று இருக்கிறது. காற்று நிற்கிறது, ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை) செய்து தருகிறேன் என்கிறார் விற்பவர். ரசீது இல்லையாம்.

ஓரிங்_மெக்கானிக்

ஹைட்ரோ டெஸ்ட் ஸ்கூபா டேங்குக்குச் சரி. துப்பாக்கிச் சிலிண்டருக்கு அது ஆயுளை நீட்டாது. போட்டியின் உபகரணச் சோதனையில் பார்ப்பது பொறித்த தேதியை. 2013 சிலிண்டரில் இனி காற்றே நிரப்ப வேண்டாம், பயிற்சிக்கும் கூடாது. விற்பவரைக் காற்றை இறக்கிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அதே மாடலுக்குப் பொருந்தும் புதுச் சிலிண்டர் இப்போது கிடைக்கிறதா, என்ன விலை என்று டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையை 85 ஆயிரத்திலிருந்து கழித்துக் கேளுங்கள். திரெட் மாற்றும் அடாப்டர் போட்டு வேறு கம்பெனிச் சிலிண்டர் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சிலிண்டர் கிடைக்காத மாடல் என்றால் 40 ஆயிரத்துக்குத் தந்தாலும் விறகுதான்.

புதியது வந்ததும் அதில் பொறித்த அழுத்தத்துக்கு மேல் ஒரு பார்கூட ஏற்றாதீர்கள். 200 வகையும் 300 வகையும் புழக்கத்தில் இருக்கின்றன, 300 பார் டேங்கிலிருந்து 200 சிலிண்டரை நிரப்பும்போது வால்வைத் தலைமுடி அளவுக்குத் திறந்து, மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஏற்றுங்கள். வேகமாக ஏற்றினால் சூடாகி, ஆறியதும் இறங்கிவிடும். கைப்பம்ப் என்றால் ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போனால் துரு ரெகுலேட்டரில் போய் உட்காரும்.

குறிவட்டம்

ரசீது பற்றி. ஆயுத விதிகள் 2016-இன்படி 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். போட்டித் துப்பாக்கி 8 ஜூலை ஒட்டித்தான் வரும். ஆனாலும் சீரியல் எண், இருவரின் அடையாள அட்டை நகல், தொகை எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்காமல் எடுத்துவராதீர்கள். இறக்குமதி எந்த வழியில் வந்தது என்றும் கேளுங்கள். வீரர்களுக்கான சலுகையில் வந்ததென்றால் கைமாற்ற நிபந்தனை இருக்கலாம், மாநில சங்கத்தில் சீரியல் எண்ணைக் காட்டி உறுதி செய்துகொண்டு பணம் கொடுங்கள்.

3.6 கிலோவும் இருபக்க ஸ்டாக்கும் அவளுக்கு நன்றாகவே பொருந்தும். சேஃப்டி ஃப்ளாக் (பேரல் காலி என்று காட்டச் செருகும் அடையாளம்) ஒன்றும் பூட்டுள்ள பெட்டி ஒன்றும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.