160 சிசி மினி பைக்: கிளட்ச் கருகுது, செயின் கழலுது, 30-க்கு மேல முன்சக்கரம் ஆடுது. எங்கே தப்பு?

தோப்புச்சக்கரம்:

வணக்கம். தென்னந்தோப்புக்குள்ள ஓட்டுறதுக்காக ஒரு மினி பைக் கட்டியிருக்கேன். ரோட்டுக்கு இல்ல. ஓடுது, ஆனா மூணு சிக்கல். அளவெல்லாம் கீழே தர்றேன்.

எஞ்சின் ஹோண்டா ஜிஎக்ஸ்160, கீ (சுழலாமப் பிடிக்கிற சின்னக் கட்டை) உட்காரப் பள்ளம் வெட்டின நேர் ஷாஃப்ட். சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் (எஞ்சின் சுற்று ஏறினா தானா பிடிக்கிறது), 10 பல், 420 செயின். பின்னாடி பைக்கோட 44 பல் ஸ்ப்ராக்கெட். அது 428 செயினுக்கானது, லேத்தில கொடுத்து 5.8 மி.மீ. கனத்துக்குக் கடைஞ்சிருக்கு. ரெண்டு சக்கரமும் ஸ்கூட்டர் சக்கரம், 90/100-10 டயர். ஃபிரேம் 1 இஞ்ச் இஆர்டபிள்யூ (நீளவாக்கில வெல்ட் பண்ணின இரும்பு) பைப், கனம் 14 கேஜ். எஞ்சின் உட்கார்ற பிளேட் 3 மி.மீ. ஹெட் பைப் (ஃபோர்க் திரும்புற குழாய்) செங்குத்துல இருந்து 15 டிகிரி சாய்வு, ஃபோர்க்கில ஆக்ஸில் 40 மி.மீ. முன்னால தள்ளியிருக்கு.

சிக்கல்: மெதுவா ஓட்டினா பத்து நிமிஷத்துல கிளட்ச் கருகுற வாடை, டிரம் நீலம் பூக்குது. சட்டுன்னு ஆக்ஸிலரேட்டர் முறுக்கினா செயின் கழலுது. மணிக்கு 30 கி.மீ.யைத் தாண்டினா ஹேண்டில் படபடன்னு அடிக்குது. எதை முதல்ல சரி பண்றது?

பல்கணக்கு:

கிளட்ச் மேல தப்பில்லை நண்பா, கியர் விகிதம்தான். போட்டுப் பாருங்க: 44-ஐ 10-ஆல வகுத்தா 4.4. 90/100-10 டயரோட வெளிவிட்டம் சுமார் 434 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1.36 மீட்டர். இந்த எஞ்சினுக்கு நிமிஷத்துக்கு 3600 சுற்றுதான் வேலை வேகம். அந்தச் சுற்றில மணிக்கு 67 கி.மீ. வரும். காகிதத்துல வரும், தோப்புல வராது.

விஷயம் மேல்வேகத்துல இல்ல, கீழ்வேகத்துல இருக்கு. இந்த வகை கிளட்ச் 1800-2000 சுற்றுலதான் பிடிக்க ஆரம்பிக்கும். 4.4 விகிதத்துல 2000 சுற்றுன்னா வண்டி 37-ல போகணும். அதுக்குக் கீழே எந்த வேகத்துல ஓட்டினாலும் ஷூ டிரம்மில உரசிக்கிட்டேதான் இருக்கும். தோப்புல நீங்க ஓட்டுறது 15, 20. அப்போ முழு நேரமும் உரசல். கருகாம என்ன செய்யும்?

உங்க உபயோகத்துக்கு 8-க்கு மேல விகிதம் வேணும். ஒரே செயின்ல அது வராது, 84 பல் ஸ்ப்ராக்கெட் போட்டா ரிம்மைத் தாண்டி டயர் வரைக்கும் வந்து நிக்கும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு ஜாக் ஷாஃப்ட் (ரெண்டு செயினையும் இணைக்கிற தனி ஷாஃப்ட்) போடுங்க. கிளட்ச் 10 பல்லுல இருந்து ஜாக் ஷாஃப்ட்ல 28 பல், 420 செயின். அதே ஷாஃப்ட்ல 14 பல், அங்கிருந்து சக்கரத்துல 42 பல், இது 428 செயின். 2.8 பெருக்கல் 3, மொத்தம் 8.4. இப்போ 2000 சுற்றுக்கு 19.5 கி.மீ., 3600-க்கு 35. கிளட்ச் 20-லயே பூட்டிக்கும்.

கடைஞ்ச 44-ஐ ஓரமா வச்சிடுங்க. 420-க்கும் 428-க்கும் பிட்ச் ஒண்ணுதான், 12.7 மி.மீ. ஆனா ரோலர் விட்டம் வேற: 420-க்கு 7.77, 428-க்கு 8.51. கனத்தைக் கடைஞ்சாலும் பல்லுக்கு நடுவுல இருக்கிற குழி பெரிய ரோலருக்கு வெட்டினது. செயின் அதுல ஒழுங்கா உட்காராது.

லேத்துப்பட்டறை:

மேலே சொன்ன கணக்கு சரி. செயின் கழல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அந்த 3 மி.மீ. பிளேட். எஞ்சினின் உச்ச டார்க் 10.3 நியூட்டன் மீட்டர். 10 பல் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 20 மி.மீ. சொச்சம். அப்படியானால் முறுக்கும்போது செயின் எஞ்சினைப் பின்னால் இழுக்கும் விசை சுமார் 50 கிலோ, அதுவும் ஒரே பக்கத்தில். மெல்லிய பிளேட் முறுக்கிக்கொள்ளும், நேர்கோடு போய்விடும், செயின் பல்லின் மேல் ஏறும். நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாம் நேராகத்தான் தெரியும். அதனால்தான் பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை.

ஜாக் ஷாஃப்ட் போட்டால் இரண்டாவது செயினில் இழுவை இரட்டிப்பாகி 100 கிலோவைத் தொடும். ஆகவே பிளேட் 6 மி.மீ. வேண்டும், அடியில் இரண்டு ஆங்கிள் துண்டு குறுக்கே வையுங்கள். எஞ்சினும் ஜாக் ஷாஃப்ட்டின் பில்லோ பிளாக்கும் (பேரிங் உட்காரும் தாங்கி) ஒரே பிளேட்டில் இருக்கட்டும். பிளேட் சற்று அசைந்தாலும் இரண்டும் சேர்ந்தே அசையும், முதல் செயினின் நேர்கோடு கெடாது. எஞ்சின் போல்ட்டுக்கு 30 மி.மீ. நீளத் துளை வெட்டினால் முதல் செயினை இழுத்துக் கட்டலாம். இரண்டாவதைச் சக்கர ஆக்ஸிலில் சரிசெய்யலாம்.

ஜாக் ஷாஃப்ட் 20 மி.மீ., பில்லோ பிளாக் யுசிபி204, கீ 6-க்கு 6. பைக்கின் 14 பல் ஸ்ப்ராக்கெட்டுக்குள் பள்ளம் பள்ளமாக ஸ்ப்ளைன் இருக்கும். அதைக் கடைந்தெடுத்து, கீவே வெட்டிய புஷ் ஒன்றைப் பொருத்தி வெல்ட் செய்ய வேண்டும். வெல்ட் பல் பக்கம் போகக்கூடாது, சூட்டில் பல்லின் கடினத்தன்மை போய்விடும். சக்கர ஸ்ப்ராக்கெட்டை வெல்டே செய்யாதீர்கள். 8.8 தர எம்8 போல்ட்டில் மாட்டுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஓரத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்தால் கோணல். அரை மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். செயின் தளர்வு நடுவில் 12 முதல் 15 மி.மீ.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஒன்று. இந்த எஞ்சினின் ஷாஃப்ட் 19.05 மி.மீ.யிலும் வரும், 20 மி.மீ.யிலும் வரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வெர்னியரில் அளந்த பிறகே கிளட்ச் வாங்குங்கள்.

கோன்செட்:

ஹேண்டில் அடிக்கிறதுக்கு நான் பதில் சொல்றேன். எல்லாத்துக்கும் முன்னாடி சரி பண்ண வேண்டியது இதுதான், ஆளைக் கீழே தள்ளுறது இதுதான்.

ஹெட் பைப்போட நடுக்கோட்டைத் தரை வரைக்கும் நீட்டுங்க. ஆக்ஸில்ல இருந்து ஒரு தூக்குக்குண்டு விடுங்க. ரெண்டு புள்ளிக்கும் இருக்கிற தூரம்தான் டிரெயில். கோடு தொடுற இடம் முன்னாடியும் டயர் தொடுற இடம் பின்னாடியும் இருக்கணும். அப்பதான் சக்கரம் தானா நேர் ஆகும். உங்க அளவுக்கு: டயர் ஆரம் 217, 15 டிகிரிக்கு சைன் 0.259, பெருக்கினா 56. அதுல ஆக்ஸில் முன்னால தள்ளியிருக்கிற 40-ஐ (ஆஃப்செட்) கழிச்சா 16. கொசைன் 0.966-ஆல வகுத்தா டிரெயில் 17 மி.மீ. இந்த மாதிரி வண்டிக்கு 60-க்கும் 80-க்கும் நடுவுல வேணும்.

ஹெட் பைப்பை அறுக்க வேண்டாம், ஃபோர்க்கை மட்டும் மாத்துங்க. ஆக்ஸில் பிளேட்டை வெட்டி 40 மி.மீ. பின்னால தள்ளி ஆஃப்செட்டை பூஜ்யம் ஆக்கினா டிரெயில் 58 வந்துடும், 60-ஐ ஒட்டி. டயர் ஃபிரேம் பக்கம் நெருங்கும், ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க, 25 மி.மீ. இடைவெளி இருக்கணும். இல்லாட்டி ஹெட் பைப்பை 25 டிகிரிக்கு மாத்தி, ஆஃப்செட் 30 வச்சா 68 கிடைக்கும். இது இன்னும் நல்லா இருக்கும், வேலை கூட.

வெல்ட் பண்ணும்போது ஆக்ஸிலைப் போட்டு நட்டை இறுக்கி வச்சே டேக் (சின்னப் புள்ளி வெல்ட்) அடிங்க. 14 கேஜுக்கு 2.5 மி.மீ. 6013 ராடு, 65-75 ஆம்பியர் போதும். இடதும் வலதும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா. ஒரே பக்கம் முழுக்க ஓட்டினா ஃபோர்க் அந்தப் பக்கம் இழுத்துக்கும்.

தோப்புச்சக்கரம்:

ரொம்ப நன்றி. முதல்ல ஃபோர்க், அப்புறம் ஜாக் ஷாஃப்ட். ஒரு சந்தேகம்: 8.4 போட்டா 35-தான் வரும்னா, கவர்னரை (எஞ்சின் சுற்றைக் கட்டுப்படுத்துறது) கழட்டிட்டா வேகம் கிடைக்குமா?

லேத்துப்பட்டறை:

கழற்றாதீர்கள். கனெக்டிங் ராடு அலுமினியம், ஃபிளைவீல் வார்ப்பிரும்பு. இரண்டும் 3600 சுற்றை ஒட்டிய வேலைக்குச் செய்தவை. கவர்னர் இல்லாமல் சுமை இல்லாதபோது சுற்று கண்டபடி ஏறும். ராடு உடைந்தால் எஞ்சின் போகும். ஃபிளைவீல் வெடித்தால் அது உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் நடக்கும். ஆக்ஸிலரேட்டர் கேபிளையும் கார்புரேட்டர் பட்டாம்பூச்சியில் நேராகக் கட்டாதீர்கள். கவர்னர் ஸ்பிரிங்கை இழுக்கும் வேகக் கட்டுப்பாட்டு லீவரில் கட்டுங்கள். கையை விட்டால் தானாகத் திரும்ப ஒரு ஸ்பிரிங் அங்கேயே இருக்கட்டும்.

ஐடில் 1400. அது 1800-ஐத் தொட்டால் நிற்கும்போதே கிளட்ச் பிடித்து உரசும். கிளட்ச் புஷ்ஷுக்கு அவ்வப்போது இரண்டு சொட்டு எண்ணெய், ஷூ மேல் படக்கூடாது.

பல்கணக்கு:

ரோட்டுக்கு இல்லன்னு சொன்னது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28)-ல நாலு சக்கரத்துக்குக் குறைவான வண்டிக்கு விலக்கு 25 சிசி வரைக்கும்தான். 160 சிசி பொதுச்சாலையில ஏறினா பதிவு வேணும்.

பிரேக் பத்தி எழுதவே இல்லையே? ரெண்டு சக்கரத்துலயும் டிரம் வேலை செய்யணும், பின்னாடி மட்டும்னா பத்தாது. லீவரை முழுசா பிடிக்கும்போது டிரம் ஆர்மும் கேபிளும் 90 டிகிரியில இருக்கிற மாதிரி மாட்டுங்க, அந்தக் கோணத்துலதான் இழுவை முழுசா போய்ச் சேரும். பிரேக் பிளேட் சுத்தாம இருக்க ஃபிரேம்ல ஒரு தடுப்பு வெல்ட் பண்ணியிருக்கீங்களான்னு பாருங்க. ஹேண்டில்ல ஒரு கில் சுவிட்சும் வைங்க. எஞ்சின் சுவிட்சுக்குப் போற கறுப்பு ஒயரைப் பாடியோட சேர்த்தா எஞ்சின் நின்னுடும்.