கல்வட்டம், தாழி: பக்கத்தில் எங்கே பார்க்கலாம்?

திருவொற்றியூர்வாசி:
தூத்துக்குடிப் பக்கம் ஆதிச்சநல்லூர் வரை போக லீவு இல்லை. முதுமக்கள் தாழி, அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானை, இங்கே சென்னைப் பக்கம் எங்காவது பார்க்கக் கிடைக்குமா? அப்புறம், கல்வட்டத்தைத் தோண்டினால் முழு எலும்புக்கூடு இருக்குமா?

பழைய வண்ணை:
எழும்பூர் மியூசியம் போங்க. வெள்ளிக்கிழமை லீவு. 1899 முதல் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்ததில் பெரும்பகுதி அங்கேதான், இரும்பு ஆயுதங்களை விட்டுவிட்டு எல்லோரும் தாழி முன்னால் செல்ஃபி எடுப்பார்கள்.

மண்வெட்டி:
முழு எலும்புக்கூடு எப்போதும் இருக்காது. பல இடங்களில் உடலை முதலில் வேறு எங்கோ விட்டுவிட்டு, பிறகு மிஞ்சிய எலும்புகளை மட்டும் பொறுக்கித் தாழியிலோ கால் வைத்த சுடுமண் ஈமப்பேழையிலோ (தொட்டி மாதிரியான சவப்பெட்டி) போட்டுப் புதைத்திருக்கிறார்கள், கூடவே உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகக் கலயம், இரும்புக் கத்தி. மேலே கல்லைக் குவித்துச் சுற்றிலும் பெரிய கற்களை நட்டால் அதுதான் கல்வட்டம். மதுராந்தகம் பக்கம் சாணூரில் 1950களில் தோண்டியது இந்த வகை. வடக்கே பொன்னேரி தாண்டி அமிர்தமங்கலத்திலும் தாழிகள் கிடைத்தன.

திருவொற்றியூர்வாசி:
அமிர்தமங்கலமா? நம்ம லைன்தானே!

மண்வெட்டி:
சரி, போங்க, ஆனால் எதையும் கிளறாதீங்க. இடம் மாறிய பானைச் சில்லை வைத்து அந்த இடத்தின் காலத்தைச் சொல்ல முடியாது.